முதலில் டிவியின் முதுகைப் பாருங்கள்

லேப்டாப் படத்தை டிவியில் பார்க்க ஒயர் வாங்கக் கடைக்குக் கிளம்புவதற்கு முன் டிவியைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். கலைஞர் ஆட்சியில் 2006இல் கொடுக்கத் தொடங்கிய 14 இன்ச் கலர் டிவி உங்கள் வீட்டிலும் இருக்கலாம். எங்கள் செந்துறைப் பக்கம் அது வராத வீடு ஏது? எங்கள் பெட்டியில் கேபிள் ஒயருக்கு ஒரு துளை, படத்துக்கு மஞ்சள், சத்தத்துக்கு வெள்ளை. அவ்வளவுதான். ஜெயலலிதா ஆட்சியில் தம்பிக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப்பிலோ தட்டையான எச்டிஎம்ஐ வாய். "அண்ணி, அந்த ஆட்சிப் பொருளும் இந்த ஆட்சிப் பொருளும் எந்தக் காலத்துல ஒத்துப் போயிருக்கு? பெட்டியை எடைக்குப் போட்டுட்டு 32 இன்ச் தவணைல எடுங்க" என்று கொழுந்தனார் சிரித்தார். அது முந்திரி விற்ற காசு முழுக்க மாமியாரின் வைத்தியத்துக்குப் போன வருஷம். தவணையை யார் கட்டுவது என்று அவர் சொல்லவில்லை.

2020 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் சூர்யாவின் 'சூரரைப் போற்று' படம் கொட்டகைக்கு வராமல் நேரே அமேசான் பிரைமில் வந்தது. வீட்டில் எல்லோரும் ஒரு செல்போனைச் சுற்றித் தலையை முட்டிக்கொண்டு எப்படிப் பார்ப்பது? அதனால்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

அரியலூரில் ஒரு கடையில் கேட்டதும் யோசிக்காமல் ஒரு ஒயரை எடுத்துப் போட்டார் கடைக்காரர். ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு. "சொருகுனா படம் வரும்மா." சொருகினேன், டிவி நீலமாகவே நின்றது. லேப்டாப்போ டிவி என்று ஒன்று இருப்பதையே கண்டுகொள்ளவில்லை. என் சொருகல் சரியில்லை என்று வீட்டில் ஆளாளுக்கு ஒரு முறை பிடுங்கிச் சொருகிப் பார்த்தார்கள். சொருகலில் ஒரு குறையும் இல்லை, ஒயர்தான் ஏமாற்று. எச்டிஎம்ஐயில் படம் டிஜிட்டலாக வருகிறது. மஞ்சள் துளைக்கு வேண்டியது பழைய அனலாக் சிக்னல். ஒன்றை மற்றொன்றாக மாற்ற நடுவில் ஒரு சர்க்யூட் வேண்டும், அந்தச் சர்க்யூட்டுக்குக் கரண்ட் வேண்டும். முனையின் வடிவத்தை மட்டும் மாற்றிய வெறும் ஒயருக்குள் அது எங்கிருந்து வரும்? இதை அவரிடமே கேட்டேன். "டிவி பழசும்மா" என்றார். விற்ற பொருளைத் திரும்ப வாங்குவதில்லை என்று பலகையும் மாட்டியிருந்தார்.

அந்தச் சர்க்யூட் உள்ள உள்ளங்கை அளவு பெட்டி ஒன்று இருக்கிறது, கன்வெர்ட்டர் என்பார்கள். அதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். பார்வைக்கு ஒன்றுபோலவே இரண்டு வகை உண்டு. 'ஏவி டூ எச்டிஎம்ஐ' என்று போட்டிருப்பது பழைய டிவிடி பிளேயரைப் புது டிவியில் இணைக்க. நமக்கு வேண்டியது 'எச்டிஎம்ஐ டூ ஏவி'. அதே கடைக்காரர் மறுபடி எடுத்து நீட்டியது முதல் வகை. இந்த முறை எழுத்தைப் படித்துவிட்டேன், பெட்டி அவர் கைக்கே திரும்பிப் போனது. கரண்டுக்கான சின்ன யூஎஸ்பி வாயும் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்பிலிருந்தே அதற்குக் கரண்ட் கொடுத்துவிடலாம்.

சரியான பெட்டியை நடுவில் இணைத்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். ரிமோட்டில் ஏவிக்கு மாற்றுங்கள். லேப்டாப்பில் விண்டோஸ் பட்டனோடு பி எழுத்தை அழுத்தி, 'டூப்ளிகேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்கிவிடும், திறந்தே வையுங்கள்.

படம் வந்தது, கறுப்பு வெள்ளையில். "சொன்னேன்ல, டியூப் போச்சு" என்றார் கொழுந்தனார், சந்தோஷமாகவே. டியூப்புக்கு ஒன்றும் இல்லை. கன்வெர்ட்டரின் பக்கவாட்டில் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும், ஒரு பக்கம் 'பால்', மறுபக்கம் 'என்டிஎஸ்சி'. நம் நாட்டு டிவிக்குப் பால். அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் சுவிட்ச் நின்றால் நம் பழைய பெட்டிகள் பலவற்றில் நிறம் வராது. நகத்தால் தள்ளினேன், சூர்யாவின் சட்டைக்கு நிறம் வந்தது. முகங்கள் கொஞ்சம் நீண்டு தெரியும். அகலப் படத்தை நம் சதுரப் பெட்டிக்குள் நெருக்கினால் அப்படித்தான். விஎல்சி பிளேயரில் ஓட்டும் படமென்றால் ஏ எழுத்தைத் தட்டித் தட்டிச் சரிசெய்யலாம். சின்ன எழுத்துகள் மட்டும் எதைச் செய்தாலும் கலங்கலாகவே இருக்கும். படம் பார்க்கிற வீட்டுக்கு அது எதற்கு?

கொழுந்தனார் பிறகு தன் வீட்டுக்கு 32 இன்ச் எடுத்தார், தவணையில்தான். அதில் எச்டிஎம்ஐ இருக்கிறது, ஒரே ஒயர் போதும். ஆனால் படம் டிவியிலும் சத்தம் லேப்டாப்பிலுமாக வருகிறதென்று ராத்திரி போன் செய்தார். திரையின் கீழ் மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தை வலது கிளிக் செய்து, சத்தம் போக வேண்டிய இடமாக டிவியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். பக்கத்தில் அவர் மனைவி சிரித்தது போனில் நன்றாகவே கேட்டது.