கோடையில் கோடிங்

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு முடித்திருக்கிறான். கோடை விடுமுறையில் கம்ப்யூட்டர் முகாமில் சேர்க்கலாமா?
— ஒரு தாய், மைசூரு

பதில்: சேர்க்கலாம், அவன் ஆசைப்பட்டால். பக்கத்து வீட்டுப் பையன் போகிறான் என்பதற்காக வேண்டாம்.

கோடையில் பிள்ளைகளுக்குக் கணினி கற்பிக்கும் வழக்கம் உங்கள் பக்கத்தில் புதிதல்ல. இன்ஃபோசிஸ் நிறுவனம் 1997-லேயே ‘கேட்ச் தெம் யங்’ என்ற கோடைப் பயிற்சியைத் தொடங்கியது. அதில் ஒரு விஷயம் கவனியுங்கள்: அது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. உங்கள் மகனுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

இப்போதைக்கு ‘ஸ்கிராட்ச்’ என்ற கோடிங் மென்பொருள் போதும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2007-ல் வெளியிட்டது, இலவசம். வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தினால் திரையில் பூனை நடக்கும். பூனை ஏன் சுவரில் முட்டி நிற்கிறது என்று பையன் தானே கண்டுபிடிக்க வேண்டும், பாடமே அதுதான். முகாமில் சேர்ப்பதானால், ஒரு கணினிக்கு எத்தனை பிள்ளைகள் என்று முதலில் கேளுங்கள். நான்கு பேர் என்றால் மூன்று பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். ‘எட்டு வயதில் ஆப் செய்யலாம்’ என்று ஆசை காட்டுபவர்களிடம் பணம் கட்டாதீர்கள்.

கணினிதான் என்றில்லை; உங்கள் ஊர் நாடக நிறுவனமான ரங்காயணத்தில் கோடைதோறும் ‘சின்னர மேளா’ என்ற நாடக முகாம் நடக்கிறதே, அதையும் விசாரித்துப் பாருங்கள். எது வேண்டும் என்று பையனையே கேட்டுவிடுங்கள்.