குடியை விட நாடுவோருக்கு எந்தச் சபை துணை?

மது ஹராம் என்பதை நம் வீட்டுச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால் ஹராம் என்று நன்கு அறிந்திருந்தும் விட முடியாமல் தவிக்கிறவனுக்கு வழி என்ன என்று கேட்டால் நம்மில் பலர் மௌனமாகி விடுகிறோம். "தவ்பாச் செய்" என்கிறோம். அவனும் செய்கிறான். ஜும்ஆவில் அழுது துஆக் கேட்கிறான். மறுநாள் அந்தி சாய்ந்ததும் கால்கள் கடையை நோக்கியே நடக்கின்றன. வீட்டார் மானத்துக்கு அஞ்சி மறைக்கிறார்கள். மஹல்லாவாசிகள் முகத்தைத் திருப்பிக் கொள்கிறார்கள். இறுதியில் ஈரல் கெட்டு மவுத்தான பிறகுதான் செய்தி வெளியே வருகிறது.

குடியிலிருந்தும் போதைப் பொருள்களிலிருந்தும் மீண்டவர்கள், மீள நாடுவோருக்குத் துணை நிற்பதற்காக நடத்தும் சபைகள் உலகெங்கும் உள்ளன. 'பன்னிரண்டு படி' சபைகள் என்று அவற்றைச் சொல்வார்கள். அவை எவை, ஒன்றுக்கொன்று என்ன வேறுபாடு, ஒரு முஸ்லிம் எவற்றைக் கவனித்துச் செல்ல வேண்டும் என்பதே இந்தப் பாடம்.

மார்க்கம் காட்டிய வழி

அல்லாஹுதஆலா மதுவை ஒரே நாளில் தடுத்து விடவில்லை. அதன் பயனை விடப் பாவமே பெரிது என்று முதலில் உணர்த்தினான் (2:219). போதையுடன் தொழுகையை நெருங்கலாகாது என்று பின்னர் தடுத்தான் (4:43). உள்ளங்கள் பக்குவப்பட்ட பிறகே முற்றிலும் விலகிக் கொள்ளும்படி ஆணையிட்டான் (5:90, 91). அன்று மதீனாவின் தெருக்களில் மது கொட்டப்பட்டு ஓடியதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். அங்கே ஒரு மனிதர் தனியாக விடவில்லை. தெருவே சேர்ந்து விட்டது. இன்று நம் சகோதரன் தனியாக விட வேண்டியிருக்கிறது.

நம் மாநிலத்தின் கதையையும் எண்ணிப் பாருங்கள். 1937-இல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டு வந்தார். 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் தளர்த்தப்பட்டது, 1974-இல் கடைகள் மூடப்பட்டன, 1981-இல் மீண்டும் திறந்தன. 2003 முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்தி வருகிறது. சட்டம் வரும், போகும். விட நினைப்பவனுக்கு நல்ல தோழமை வேண்டும். உண்மையாளர்களுடன் இருக்குமாறு திருமறை ஏவுவதும் (9:119) இதற்காகவே.

இன்னொரு செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அப்துல்லாஹ் என்ற ஒருவர் குடித்ததற்காகப் பன்முறை தண்டிக்கப்பட்டார். மீண்டும் அவர் கொண்டு வரப்பட்ட போது அங்கிருந்தவர் ஒருவர் அவரைச் சபித்தார். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சான்றும் அளித்தார்கள். குற்றத்துக்குத் தண்டனை உண்டு. ஆயினும் ஜமாஅத்தின் கதவு அவருக்கு அடைக்கப்படவில்லை. இந்தப் படிப்பினையை மனதில் வைத்துக் கொண்டு மேலே படியுங்கள்.

பன்னிரண்டு படிகளின் சாரம்

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் 1935-இல் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்தார்கள். இருவருமே குடியால் சீரழிந்தவர்கள். ஒரு குடிநோயாளி மற்றொரு குடிநோயாளியிடம் மனம் விட்டுப் பேசினால் இருவருக்குமே அன்று குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டார்கள். அந்த அனுபவத்திலிருந்து எழுந்த பன்னிரண்டு படிகள் 1939-இல் நூலாக அச்சேறின.

அவற்றின் சாரம் இது: தன் பலத்தால் முடியவில்லை என்று ஒப்புக் கொள்ளுதல், இறைவனால் முடியும் என்று நம்பி அவனிடம் தன்னை ஒப்படைத்தல், தன் குறைகளைக் கணக்கெடுத்து ஒப்புக் கொள்ளுதல், அவற்றை நீக்கும்படி இறைவனிடம் இறைஞ்சுதல், தன்னால் பாதிக்கப்பட்டவர்களைப் பட்டியலிட்டு ஈடு செய்தல், நாள்தோறும் சுயபரிசோதனையும் பிரார்த்தனையும் செய்தல், இன்னொரு நோயாளிக்கு உதவுதல்.

தவ்பாவுக்கு இமாம்கள் கூறும் நிபந்தனைகளை இதனருகே வைத்துப் பாருங்கள். பாவத்தை உடனே விடுதல், வருந்துதல், இனி மீளேன் என உறுதி கொள்ளுதல் ஆகிய மூன்றுடன், அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் அதைத் திருப்பித் தருதல் நான்காவது. மனைவியின் நகையை விற்றுக் குடித்தவன், தம்பியின் பங்கை அழித்தவன், கடன் வாங்கி ஏமாற்றியவன், இவர்கள் அழுதால் மட்டும் போதாது. ஈடு செய்ய வேண்டும். ஆகவே இப்படிகள் நமக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல. ஆயினும் இவை தவ்பாவுக்குப் பதிலாகா. தவ்பாவில் நிலைத்து நிற்க உதவும் ஒரு காரணப் பொருள் என்றே கொள்ள வேண்டும்.

நான்கு சபைகள்

1. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.). பெயர் வெளியிடாத குடிநோயாளிகள் என்பது பொருள். மதுவுக்கு மட்டுமான சபை இது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே சேருவதற்கான தகுதி. கட்டணம் இல்லை, வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. உறுப்பினர்கள் மனமுவந்து போடும் சில்லறையில் செலவு நடக்கிறது. இந்தியாவில் 1957-இல் பம்பாயில் தொடங்கியது. தமிழிலும் கூட்டங்கள் நடக்கின்றன. வாழ்நாள் முழுவதும் குடிக்க மாட்டேன் என்று மலைக்காமல், இன்று ஒரு நாள் குடிக்க மாட்டேன் என்பதே இவர்களின் முறை.

2. நார்காடிக்ஸ் அனானிமஸ் (என்.ஏ.). 1953-இல் கலிபோர்னியாவில் தோன்றியது. முதற்படியில் 'மது' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'எங்கள் அடிமைத்தனம்' என்று வைத்தார்கள். கஞ்சா, ஹெராயின், தூக்க மாத்திரை, ஊசி, மது எதுவாயினும் இவர்களுக்கு நோய் ஒன்றே. போதை தரும் எதுவும் ஹராம் என்ற நம் சட்டத்துக்கு இந்தப் பார்வை மிகவும் நெருக்கமானது. என்.ஏ. கூட்டங்கள் மிக அதிகமாக நடக்கும் நாடுகளுள் ஈரானும் ஒன்று என்பதை அறிந்தால், முஸ்லிம்களுக்கு இது ஒத்து வருமா என்ற ஐயம் பாதி தீரும்.

3. அல்-அனான். இது குடிப்பவருக்கல்ல, அவர் வீட்டாருக்கு. பில் வில்சனின் மனைவி லோயிஸும் அவர் தோழியும் 1951-இல் அமைத்தது. அதே பன்னிரண்டு படிகளை மனைவியும் தாயும் தங்கள் மன அமைதிக்காகக் கடைப்பிடிக்கிறார்கள். அவர் குடிக்க நான் காரணமல்ல, என்னால் அவரைக் கட்டுப்படுத்தவும் குணப்படுத்தவும் இயலாது என்று உணர்வது இதன் முதற்பாடம். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக 1957-இல் அல்-அட்டீன் என்ற பிரிவும் தோன்றியது. போதைப் பொருள் உபயோகிப்போரின் வீட்டாருக்கு நார்-அனான் என்ற தனிச் சபை உண்டு.

4. மில்லத்தீ இஸ்லாமீ. 1989-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் முஸ்லிம்களே அமைத்தது. 'நாங்கள் விளங்கிக் கொண்டபடியான கடவுள்' என்று மற்றச் சபைகள் சொல்லுமிடத்தில் இவர்கள் 'அல்லாஹ்' என்றே சொல்கிறார்கள். பலமற்றவன் என்பதோடு முதற்படியை நிறுத்தாமல், மனிதன் தன் உயர்ந்த இயல்பை மறந்து கஃப்லத்தில் வீழ்ந்ததை முன்வைக்கிறார்கள். ஒரு பொருளை மட்டும் சொல்லாமல் மனிதனை அடிமைப்படுத்தும் ஆள், இடம், பொருள், உணர்ச்சி அனைத்தையும் சேர்க்கிறார்கள்.

எவருக்கு எது?

மது ஒன்றே பிரச்சினை என்றால் ஏ.ஏ. போதும். மாத்திரை, கஞ்சா, ஊசி அல்லது இரண்டும் கலந்த பழக்கம் என்றால் என்.ஏ. பொருத்தம்; ஏனெனில் ஏ.ஏ.யின் உறுப்பினர் கூட்டங்களில் பேச்சு மதுவைப் பற்றியே இருக்கும். குடிப்பவர் எங்கும் வர மறுத்தாலும் வீட்டார் அல்-அனான் செல்லலாம். அவர் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மில்லத்தீ இஸ்லாமீ அருகில் இல்லாவிட்டாலும் அதன் கருத்தை நாம் வீட்டில் கையாளலாம்: ஏ.ஏ. கூட்டத்துக்குச் சென்று வந்தவர், அங்கே கேட்ட படியை ஓர் ஆலிமிடம் மார்க்கத்தின் ஒளியில் விளங்கிக் கொள்வது.

இவற்றால் பயன் உண்டா? காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2020-இல் 27 ஆய்வுகளை, சுமார் 10,500 பேரைச் சேர்த்துப் பார்த்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏ.ஏ. வழியில் முறையாகச் சேர்க்கப்பட்டவர்களில் ஓராண்டு கழித்து 42 விழுக்காட்டினர் முற்றிலும் குடிக்காதிருந்தனர். மற்றச் சிகிச்சைகளில் 35 விழுக்காடு. இது மதுவைப் பற்றிய கணக்கே. பிற போதைகளுக்கு இதை அப்படியே பொருத்தலாகாது. எல்லோருக்கும் பலிக்கும் மந்திரமும் அல்ல. ஆயினும் ஏழைக்கும் எட்டும் இலவச உதவி இது.

எழும் சந்தேகங்கள்

'நான் பலமற்றவன்' என்பது பொறுப்பைத் தட்டிக் கழிப்பதாகாதா?

ஆகாது. லா ஹவ்ல வலா குவ்வத இல்லா பில்லாஹ் என்று நாம் ஓதுவதின் கருத்தும் அதுவே. பலமற்றவன் என்று சொன்ன பிறகும் எழுந்து செல்ல வேண்டியது அவன் கடமை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பது போன்றது இது.

பாவத்தை மறைக்க வேண்டுமல்லவா? கூட்டத்தில் சொல்லலாமா?

பாவத்தைப் பெருமையாகப் பறைசாற்றுவது கண்டிக்கப்பட்டது. விடுபட வழி தேடி, வழிகாட்டக் கூடியவரிடம் சொல்வதில் குற்றமில்லை என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். கூட்டத்தில் கேட்டது கூட்டத்தோடு நிற்க வேண்டும் என்பது சபையின் ஒழுங்கு. பேச விரும்பாதவர் கேட்டுவிட்டு வரலாம். குடியின் தீங்கையும் மீண்ட வழியையும் சொன்னால் போதும். மற்றப் பாவங்களை விவரிக்கத் தேவையில்லை. ஐந்தாம் படியை நம்பிக்கையான ஒரே ஒருவரிடம் செய்தால் போதுமானது.

கூட்டம் சர்ச் வளாகத்தில் நடந்தால்?

ஏ.ஏ. எந்த மதத்தையும் சார்ந்ததல்ல. வாடகைக்கோ இலவசமாகவோ கிடைத்த அறையில் கூடுவார்கள். அங்கே வழிபாடு நடப்பதில்லை; முடிவில் மன அமைதியும் துணிவும் விவேகமும் வேண்டி ஒரு சிறு பிரார்த்தனை சொல்வார்கள். வேறு மதத்துக்குரிய பிரார்த்தனை எங்கேனும் சொல்லப்பட்டால் மௌனமாக இருந்து, மனதுக்குள் நமது துஆவை ஓதிக் கொள்ளலாம். மனம் ஒப்பவில்லையென்றால் வேறிடத்தில் நடக்கும் கூட்டத்தைத் தேடுங்கள். உங்கள் ஊர் ஆலிமிடம் விளக்கம் கேளுங்கள். இதைக் காரணம் காட்டிக் கடைக்குத் திரும்புவது மட்டும் கூடாது.

மருந்தை மறக்கலாகாது

நம் வீடுகள் கட்டாயம் அறிய வேண்டியது ஒன்று. பல்லாண்டு நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் சட்டென நிறுத்தினால் முதல் 2, 3 நாட்களில் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ரமளான் பிறை கண்ட இரவே நிறுத்தி, மறுநாள் நோன்பும் நோற்பவர்கள் இதை உணர வேண்டும். நிய்யத் மிக நல்லது; ஆனால் ஷஃபானிலேயே மருத்துவரிடம் காட்டி, அவர் மேற்பார்வையில் நிறுத்துவதே அறிவுடைமை. நோயாளிக்கு நோன்பைப் பின்னர் களாச் செய்யும் சலுகையைத் திருமறை (2:184) வழங்கியிருக்கிறது. முப்பது நாளும் தாங்கியவர் ஷவ்வாலில் வீழ்வதைப் பார்க்கிறோம். பெருநாள் முடிந்ததும் துணையாகக் கூட்டங்கள் வேண்டும் என்பதற்கு அதுவே சான்று.

குடிப்பவர் அறியாமல் உணவில் மருந்து கலந்து கொடுப்பது பேராபத்து. சில மருந்துகள் மதுவுடன் சேர்ந்தால் உயிரைப் பறிக்கும். ஹெராயின் போன்றவற்றை நிறுத்தியிருந்தவர் பழைய அளவையே மீண்டும் எடுத்தால் அதுவே மரணமாகி விடலாம் என்பதையும் அறிந்து கொள்ளுங்கள். மருத்துவர் எழுதித் தந்த மருந்தை, சபையில் யாரோ சொன்னார்கள் என்று நிறுத்தக் கூடாது. சபை மருத்துவமனையாகாது.

கோரிப்பாளையத்தில் தர்காவிலிருந்து அரசு இராஜாஜி மருத்துவமனை நடக்கும் தூரம்தான். துஆவுக்குக் கையேந்தியவர் அதே காலோடு மனநல மருத்துவரிடமும் செல்வதில் முரண்பாடு ஏதுமில்லை. நோயைத் தந்தவன் நிவாரணத்தையும் தந்துள்ளான் என்பது நபிவழிப் போதனை. சென்னையில் திருமதி சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்றவை மருத்துவத்தையும் ஏ.ஏ. வழியையும் இணைத்தே சிகிச்சை தருகின்றன. மத்திய அரசின் 14446 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

நம் கடமை

வீட்டார் அவருடைய கடனை அடைத்து, பொய் சொல்லி விடுப்பு வாங்கித் தந்து குடியைப் பாதுகாக்க வேண்டாம். ஏசிச் சபிக்கவும் வேண்டாம். போதை தெளிந்த காலை நேரத்தில் அமைதியாகப் பேசுங்கள். முதற் கூட்டத்துக்குத் தமையனோ மச்சானோ துணையாகச் செல்லட்டும்.

ஜமாஅத்தார் செய்யக் கூடியதும் உண்டு. மீள நாடுவோரின் பெயரை வெளியிடாமல் காப்பது முதற்கடமை. பள்ளிவாசலைச் சார்ந்த மத்ரஸா அறை ஒன்றை வாரம் ஒரு மாலை இவர்கள் கூட ஒதுக்கித் தந்தால், சர்ச் வளாகம் பற்றிய கேள்வியே எழாது. குடியிலிருந்து மீண்ட முஸ்லிம் சகோதரர் ஒருவரும், பொறுமை மிக்க ஆலிம் ஒருவரும் இருந்தால் அந்த அறை இயங்கத் தொடங்கி விடும்.

இன்று ஒரு நாள் குடிக்காமல் இஷாத் தொழுது படுத்தவன், அல்லாஹ்வின் உதவியால் ஒரு நாளை வென்றவன். நாளைய ஃபஜ்ருக்கு ஸஃப்பில் தோளோடு தோளாக அவனுக்கு இடம் விட்டு நிற்போமாக. வல்ல ரஹ்மான் தவிப்போருக்கு மீட்சியையும், நம் அனைவருக்கும் இரக்கமுள்ள உள்ளத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.