மரப்பட்டையில் படரும் பாசி

'பாசி' என்னும் சொல் தமிழில் பல பொருள் தருவது. நீரில் படர்வது பாசி. கழுத்தில் அணியும் மணியும் பாசி. பயற்றுக்கும் அப்பெயர் உண்டு. குறுந்தொகையின் 399ஆம் பாடலில் பரணர் தலைவியின் பசலைக்கு உவமையாக்குவது நீர்த்துறைப் பாசியை. இவற்றுள் எதிலும் அடங்காத பாசி ஒன்று நம் வட்டாரத்து முதிய மரங்களில் உறைகின்றது. பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகளின் கிணற்றுத் தோட்டங்களில் நிற்கும் பழைய மா, நாவல், புளி மரங்களின் அடிப்பட்டையை உற்று நோக்கினால், சுண்ணாம்பு தெளித்தாற்போன்ற வெண்திட்டுகளும் சாம்பல் நிற வட்டங்களும் தென்படும். உயிரியலார் இதனை லைக்கன் என்பர். மரப்பாசி என நாம் வழங்கலாம்.

இத்திட்டுகளைக் கண்டு, மரத்துக்குத் தேமல் விழுந்துவிட்டது, இனிப் பட்டுப்போகும் என்று சிலர் முடிவு கட்டிவிடுகின்றனர். விறகுக்கு விலையும் பேசிவிடுகின்றனர். சீமைக் கருவேலே மிகுந்துவிட்ட இக்கரிசல் நிலத்தில், ஐம்பது அறுபது ஆண்டு நின்று பழம் தந்த ஒரு நாவலை இழப்பது சிறிய இழப்பன்று. ஆதலின் இப்பாசியின் மேல் சுமத்தப்படும் குற்றம் உண்மைதானா என ஆராய்தல் வேண்டும்.

மரப்பாசி தனியொரு செடியன்று. 1867ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டுத் தாவரவியலார் சைமன் ஷ்வெண்டனர், இது பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் கூட்டுயிர் என்று அறிவித்தார். பூஞ்சை உறைவிடமும் ஈரமும் தருகின்றது; அதனுள் இருக்கும் நுண்பாசி கதிரொளியால் உணவு சமைக்கின்றது. அக்காலத்துப் பேரறிஞர் பலர் இக்கருத்தை எள்ளி நகையாடினர். 2016இல் வெளிவந்த ஆய்வொன்று, சிலவகை மரப்பாசிகளின் புறத்தோலில் ஈஸ்ட் வகைப் பூஞ்சையும் உடனுறைவதைக் காட்டியது. இருவர் குடித்தனம் என்று கருதியது கூட்டுக் குடும்பமாயிற்று!

தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் இவ்வுயிர் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. அதற்கு வேர் இல்லை; பட்டையின் இறந்த மேற்புறத்தைப் பற்றி நிற்பதோடு சரி. மாமரத்தில் நாம் காணும் புல்லுருவியோ, தன் உறிஞ்சுறுப்பைக் கட்டைக்குள் செலுத்தி நீரைக் கவர்வது. புல்லுருவியின் பழி பாசியின் மேல் விழுந்துவிட்டது என்றே தோன்றுகிறது. நலிந்த மரத்தில் மரப்பாசி மிகுதல் உண்மையே. ஆனால் காரணமும் காரியமும் இங்கு இடம் மாறிவிடுகின்றன. மரம் முதிர்ந்து இலைச்செறிவு குறையும்போது வெயில் கிளைவரை இறங்குகின்றது. வளர்ச்சி குன்றுவதால் பட்டையும் உதிராது நிற்கின்றது. ஒளியும் அசையாத இடமும் கிட்டவே பாசி பரவுகின்றது. நோய்க்குக் காரணம் தேடுவோர் வேரையும், நீரையும், தண்டு துளைப்பான் இட்ட துளைகளையும் பார்க்க வேண்டும். பாசியைச் சுரண்டுவதால் பட்டைதான் புண்படும்.

மழை குறைந்த நிலத்தில் இவ்வுயிர் வாழும் முறை வியப்புக்குரியது. கோடையில் உலர்ந்து, உயிரற்றது போல் கிடக்கும். நனைந்தவுடன் சில நிமிடங்களில் பசுமை ஏறித் தொழிலைத் தொடங்கிவிடும். பச்சைப்பாசி கலந்த வகைகளுக்கு மழைகூட வேண்டா. பனியும் காற்றின் ஈரமும் போதும். மார்கழி விடியலே இவற்றின் அறுவடைக் காலம் எனலாம். வளர்ச்சியோ மிக மெது. மேலோடு போல் ஒட்டிக்கிடக்கும் வகைகள் பல ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே விரியும். உள்ளங்கையகலத் திட்டு ஒன்று நம் மாணவரினும் வயதில் மூத்ததாக இருக்கக்கூடும்.

இதன் உறவினர் ஒருவரை நாம் அனைவரும் உண்டிருக்கிறோம். பிரியாணியிலும் செட்டிநாட்டுக் குழம்பிலும் மணம் கூட்டும் கல்பாசி, மலைப்பகுதிப் பாறைகளிலும் மரக்கிளைகளிலும் திரட்டப்படும் இலைவடிவ லைக்கனே. கல்லின் பெயர் பெற்றது மரத்திலும் வளர்கின்றது. யூனானி மருத்துவர் இவ்வகைச் சரக்கை 'உஷ்னா' என்னும் அரபுப் பெயரால் வழங்குவர். அச்சொல்லிலிருந்தே 'அஸ்னியா' என்னும் லைக்கன் பேரினப் பெயர் பிறந்தது என்பர். நம் வேதியியல் ஆய்வகத்து லிட்மஸ் தாளின் சாயமும் தொடக்கத்தில் லைக்கனிலிருந்து எடுக்கப்பட்டதே.

காற்றின் தூய்மையையும் இவை காட்டிக்கொடுக்கும். 1866இல் வில்லியம் நைலாண்டர், பாரிஸ் மாநகரின் லக்சம்பர்க் தோட்டத்து மரங்களில் செழித்திருந்த லைக்கன்கள் நகரின் பிற பகுதிகளில் அருகியிருப்பதைக் குறித்தார். (ஷ்வெண்டனரின் கூட்டுயிர்க் கொள்கையை இறுதிவரை ஏற்க மறுத்தவரும் இவரே.) வேரில்லாமையால் காற்றில் வருவது அனைத்தையும் இவை உடலில் ஏற்கின்றன. புகைக்கு அஞ்சும் வகைகள் முதலில் மறையும். தாங்கும் வகைகள் எஞ்சும். மாமரப் பட்டைகளில் காணப்படும் பிக்சைன் கோகோயிஸ் என்னும் வகையைக் கொண்டு, காற்றில் கலந்த உலோகங்களை நம் நாட்டு ஆய்வாளர் அளந்துள்ளனர்.

தமிழ் மாணவர்க்கு விருப்பமான ஒரு வகையும் உண்டு. வெப்பநாட்டு மரங்களில் வளரும் கிராஃபிஸ் வெண்பரப்பில் கருங்கோடுகளாய் நெளிந்து, மை தடவிய ஏட்டில் எழுத்துப் போலவே தோன்றும். அதன் பெயரே கிரேக்கத்தில் எழுதுதலைக் குறிப்பது. கையில் ஒரு உருப்பெருக்கி ஆடி இருந்தால் போதும். மழைக்கு மறுநாள் காலை தோட்டத்திற்குச் சென்று, வெட்டுவதற்குக் குறியிட்ட மரங்களிலிருந்தே பார்வையைத் தொடங்கலாம்.