கணிப்பொறியில் தேதி அமைவு

மழைமானியில் சேர்ந்த நீரைக் காலை 8.30 மணிக்கு அளந்து, முந்திய 24 மணி நேரத்து மழையாகப் பதிவேட்டில் எழுதுவது நம் நாட்டு வானிலை நிலையங்களில் நெடுநாளாக வழங்கி வரும் முறையாகும். அப்பதிவு இன்று பெரும்பாலும் கணிப்பொறியில் ‘எக்ஸெல்’ போன்ற அட்டவணைத் தாளுக்கு மாற்றப்படுகிறது. மழையின் அளவில் பிழை நேர்ந்தால் மேற்பார்வையாளர் ஐயுற்றுக் கேட்பார். தேதியில் நேரும் பிழையோ அவ்வளவு எளிதில் புலப்படுவதில்லை. மேலும், அப்பிழையைச் செய்பவர் பதிவு செய்யும் ஊழியர் அல்லர். அவருடைய கணிப்பொறியே அதனைச் செய்துவிடுகிறது.

2024ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் பெய்த மழையை ஓர் ஊழியர் 07/06/2024 என்ற தேதியிட்டுப் பதிவு செய்கிறார் என்று கொள்வோம். அவருடைய கணிப்பொறி அமெரிக்க வழக்கத்திற்கு ஏற்ப அமைக்கப்பட்டிருப்பின், முதலில் உள்ள எண்ணை அது மாதமாகவே கருதும். எனவே அந்த மழை ஜூலை 6ஆம் தேதிக்குச் சென்றுவிடும். ஜூலை 6இல் பெய்த மழை ஜூன் 7க்கு வந்து சேரும். இரண்டும் பருவமழைக் காலமாதலால் அட்டவணையைப் பார்ப்பவருக்கு எவ்வித ஐயமும் தோன்றாது. விதைப்புக்கு உரிய மழை எந்த வாரம் பெய்தது என்று பின்னர் ஆராய்பவர் 29 நாள் தவறிய விடையையே பெறுவார்.

ஜூன் 13ஆம் தேதியை எழுதும்போது நிலைமை வேறு. பதின்மூன்றாவது மாதம் என ஒன்று இல்லாமையால், கணிப்பொறி அதனைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்கிறது. ஆகவே ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாட்களே இவ்விதம் இடம் மாறக்கூடியவை. அவற்றுள் 6/6, 7/7 போன்ற ஒரு நாள் மட்டும் எப்படிப் படித்தாலும் மாறாது. கணக்கிட்டுப் பார்த்தால், ஆண்டொன்றுக்கு 132 நாட்கள், அதாவது ஆண்டின் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேலானவை, தவறான இடத்தில் அமர்ந்துவிடும். பள்ளிகளில் மாணவர் சேர்க்கைப் பதிவேட்டைக் கணிப்பொறியில் ஏற்றும் ஆசிரியர்களும் இதனைக் கருதுதல் வேண்டும். ஜூன் 4இல் பிறந்த குழந்தை ஏப்ரல் 6இல் பிறந்ததாகப் பதிவாகிவிட்டால், அத்தேதி மாற்றுச் சான்றிதழ் வரை அதனைப் பின்தொடரும். பெற்றோர் பின்னர் அதனைத் திருத்தப் படும் பாடு கொஞ்சமன்று.

இப்பிழைக்குக் காரணமான அமைவு எங்கே உள்ளது? (‘செட்டிங்’ என்பதற்கு ‘அமைப்பு’ என்றும் வழங்குகின்றனர். அச்சொல் சங்கத்தையும் நிறுவனத்தையும் குறிக்குமாதலால் இங்கு ‘அமைவு’ என்பதே மேற்கொள்ளப்பட்டது.) விண்டோஸ் 11 உள்ள கணிப்பொறியில், விண்டோஸ் விசையையும் ‘ஐ’ என்னும் ஆங்கில எழுத்து விசையையும் ஒருங்கே அழுத்தினால் அமைவுகளின் பக்கம் திறக்கும். அதில் ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’, அதனுள் ‘லாங்குவேஜ் அண்ட் ரீஜன்’ என்னும் பகுதிகளைத் திறக்க வேண்டும். அங்கே பலரும் தவறுவது ஓரிடத்தில். ‘கன்ட்ரி ஆர் ரீஜன்’ என்ற வரியில் இந்தியா என்று இருப்பதைக் கண்டு மனநிறைவு கொண்டு திரும்பிவிடுகின்றனர். தேதியின் வரிசையை ஆள்வது அதுவன்று. அடுத்துள்ள ‘ரீஜனல் ஃபார்மட்’ என்னும் வரியே. அதில் இந்தியாவுக்குரிய ஆங்கிலத்தையோ இந்தியாவுக்குரிய தமிழையோ தேர்ந்தெடுத்தால் நாள் முதலிலும் மாதம் பின்னும் வரும். எண்களும் 1,23,456 என்று இலட்சக் கணக்கில் பிரியத் தொடங்கும். அமைவு மாறிவிட்டதற்கு இது நல்ல அடையாளம். எக்ஸெல் திறந்திருந்தால் அதனை மூடி மீண்டும் திறத்தல் நன்று. கூகுள் ஷீட்ஸில் ஒவ்வொரு தாளுக்கும் தனியே இவ்வமைவு உண்டு. கணிப்பொறியில் செய்த மாற்றம் அதனைக் கட்டுப்படுத்தாது.

பிறருடைய கணிப்பொறியில் அமர நேர்ந்தால் இவ்வளவும் தேட வேண்டியதில்லை. வெற்றுக் கட்டம் ஒன்றில் 25/12/2024 என்று எழுதிப் பார்த்தால் போதும். அது கட்டத்தின் வலப்புறம் ஒட்டி நின்றால் கணிப்பொறி நாளை முதலில் படிக்கிறது என்று அறியலாம். இடப்புறம் நின்றால் மாதத்தை முதலில் படிக்கிறது என்பது பொருள்.

இங்கே முக்கியமாக நினைவிற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. தவறு நேர்ந்த பின்னர் அமைவை மாற்றுவதால் தவறு திருந்துவதில்லை. எக்ஸெல் தேதியை நாம் எழுதிய வண்ணம் காப்பதில்லை. 1900 ஜனவரி 1ஐ ஒன்றாகக் கொண்டு எண்ணிய நாட்களின் தொகையாகவே காக்கிறது. 2024 ஜூன் 7 என்பது 45450. ஜூலை 6 என்பது 45479. ஒரு முறை 45479 என்று பதிந்துவிட்டால், அமைவை மாற்றிய பின் அது 06-07-2024 என்று முகத்தை மாற்றிக்கொள்ளுமே தவிர, ஜூன் மாதத்திற்குத் திரும்பாது. திருத்த விரும்புவோர் முதலில் கோப்பிற்குப் பிரதி ஒன்று எடுத்து வைத்தல் வேண்டும். பின்னர், தேதியாக ஏற்கப்பட்ட கட்டங்களுக்கு மட்டும், ‘டேட்’ என்னும் சூத்திரத்தில் மாதம் வர வேண்டிய இடத்தில் நாளையும், நாள் வர வேண்டிய இடத்தில் மாதத்தையும் கொடுத்தால் அவை சரியான தேதிகளாக மீளும். எழுத்தாக நின்றுவிட்டவற்றை ‘டேட்டா’ பகுதியில் உள்ள ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ மூலம் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசை கூறி மாற்றலாம். இரு வேலைகளுக்குப் பின்னரும் காகிதப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர்க்க இயலாது. ஆதலின் கணிப்பொறியில் ஏற்றியாயிற்று என்று பதிவேட்டைப் பரணில் போட்டுவிடுதல் கூடாது.

கேட்காமலே தேதியாக்கும் இவ்வழக்கம் விஞ்ஞானிகளையும் விட்டுவைக்கவில்லை. மனித மரபணுக்களுள் சிலவற்றின் குறியீடுகள் செப்டம்பர், மார்ச் என்னும் மாதப் பெயர்களை ஒத்திருந்தமையால் எக்ஸெல் அவற்றைத் தேதிகளாக்கி வந்தது. மரபணுக்களுக்குப் பெயரிடும் பன்னாட்டுக் குழு 2020இல் அக்குறியீடுகளையே மாற்றி அமைத்தது. 2023இல்தான் எக்ஸெலில் இத்தகைய தானியங்கு மாற்றங்களை நிறுத்தும் அமைவு பொதுவாகக் கிடைத்தது. ‘ஆப்ஷன்ஸ்’ பக்கத்தில் ‘டேட்டா’ என்ற பகுதியில் அதனைக் காணலாம். எண்ணின் முன்னுள்ள சுழியை நீக்கும் வழக்கத்தையும் அங்கேயே நிறுத்தலாம். தில்லிப் பள்ளிகளின் 11 இலக்க யு-டைஸ் எண் 07 என்று தொடங்குவதால், அங்குள்ள ஆசிரியர்களுக்கு இது மிகவும் பயன்படும்.

பல அலுவலகங்களிலிருந்து வரும் தாள்களை ஒன்றாகச் சேர்ப்போர், ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2024-06-07 என்று எழுதும்படி அனைவரையும் கேட்டுக்கொள்வது நலம். 1988இல் வெளியான பன்னாட்டுத் தரம் இவ்வரிசையையே கூறுகிறது. அமெரிக்க அமைவாயினும் இந்திய அமைவாயினும் எக்ஸெல் அதனை ஜூன் 7 என்றே படிக்கும்.