புது மரத்துக்குப் பழைய முகம்

இந்த வாரம் கொஞ்சம் மரவேலை, நிறைய வேதியியல். எடுத்துக்கிட்ட பொருள், 1911 பிஸ்டல் கைப்பிடியின் இரண்டு பக்கமும் இருக்கும் மரத் தகடு. அமெரிக்க ராணுவம் அந்தத் துப்பாக்கியை ஏற்ற காலத்தில் அது வால்நட் மரம். இன்று மலிவான வால்நட் தகடுகள் பளபள வார்னிஷோட வருது. அதைப் பழசு மாதிரி ஆக்குவது எப்படி?

முதலில் மேகசினைக் கழற்றி, சேம்பர் காலியான்னு பாருங்க. பக்கத்துக்கு இரண்டு திருகுதான். தகடு கையோட வந்துடும். துப்பாக்கியைப் பூட்டி வெச்சிடுங்க.

மாஸ்க் போட்டுக்கிட்டு 220 நம்பர் உப்புத்தாளால் வார்னிஷை எடுத்து, 320-இல் முடிங்க. செதுக்கின கட்டங்கள் மேல தேய்க்காதீங்க, மழுங்கிடும்.

அடுத்து நிறம். சோப்பு போட்டுக் கழுவின ஸ்டீல் வூலை வினிகரில் ஓரிரு நாள் ஊற வைங்க. ஹைட்ரஜன் வாயு வரும், அதனால மூடியை இறுக்க வேண்டாம். கிடைக்கும் இரும்புக் கரைசல், மரத்தில் இருக்கும் டானினோடு சேர்ந்து கறுக்கும். நிறம் ஏறலையா? முதலில் கடும் தேயிலைச் சாயம் பூசுங்க. அதிலும் டானின் இருக்கு. தகட்டின் உள்பக்கத்தில் சோதிச்சுப் பார்த்துட்டு வெளிப்பக்கம் போங்க.

காய்ந்ததும் உள்ளங்கை படும் மேடுகளை மட்டும் லேசா தேய்ங்க. பள்ளத்தில் கறுப்பு நிற்கட்டும். வருஷக்கணக்கான கைபட்ட தேய்மானம் அப்படித்தான் தெரியும்.

கடைசியா ஆளிவிதை எண்ணெய். மெல்லிசா பூசி, 15 நிமிஷம் கழிச்சுத் துடைங்க. இப்பதான் உண்மையான ஆபத்து, அந்தத் துணியில் இருக்கு. இந்த எண்ணெய் சும்மா காய்வதில்லை. ஆக்சிஜனோடு சேர்ந்து வெப்பம் விடும். துணியைச் சுருட்டிப் போட்டா வெப்பம் வெளியேற வழியில்லாம தானே தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரியில் பிலடெல்பியாவின் ஒன் மெரிடியன் பிளாசாவில் தீ இப்படித்தான் தொடங்கியது: 22-ஆவது மாடியில் விட்டுப்போன, ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணிகள். 3 தீயணைப்பு வீரர்கள் இறந்தாங்க.

அதனால துணியை வெளியே, கான்கிரீட் தரையில் ஒற்றையா விரிச்சுக் காய வைங்க. இல்லைன்னா தண்ணீர் நிரப்பின உலோக டப்பாவில் போட்டு மூடுங்க. கட்டில் பலகை, கிட்டார், கத்திப்பிடி, எதற்கு இந்த எண்ணெய் பூசினாலும் இதே விதிதான்.

இன்னொன்று: நிஜமாவே பழைய தகடு கிடைச்சா உப்புத்தாளை எடுக்காதீங்க, மதிப்பே போயிடும். நீங்க பழசாக்கினதை விற்கும்போது அதைச் சொல்லியே வில்லுங்க.