புதுசா வந்தவளைத் தனியா அனுப்பாதே, அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

நம் நேரடி விற்பனைத் தொழிலில் புதிதாக ஐடி போட்டுச் சேர்ந்தவர்களுக்கென்று நீ எழுதிய 'முதல் முப்பது நாள்' கையேட்டை உன் டீம் பெண் ஒருத்தி எனக்கு அனுப்பிவைத்தாள். நீயே அனுப்பியிருக்கலாம் என்று ஒரு வருத்தம் உண்டு, அது இருக்கட்டும். உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். பி.வி. புள்ளிக் கணக்கு, ஆப்பில் ஆர்டர் போடுவது, எந்த லெவலுக்கு எத்தனை சதவீதம் என்பதெல்லாம் உனக்கும் எனக்கும் மனப்பாடம். அதற்குள் நான் போகவில்லை. முக்கியமாக ஐந்தாம் பக்கத்தையும் ஒன்பதாம் பக்கத்தையும் பற்றி எழுதுகிறேன். இரண்டையும் படித்ததில் எனக்குக் கோபம் வந்தது. வேறு யாராவது எழுதியிருந்தால் மூடிவைத்துவிட்டுப் போயிருப்பேன்.

ஐந்தாம் பக்கத்தில், தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை முதல் நாளே எழுதச் சொல்கிறாய். எல்லா மீட்டிங்கிலும் சொல்வதுதான். அதற்குக் கீழே போனில் என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கம்பெனி பெயரைச் சொல்லாதே, பொருளைச் சொல்லாதே, 'ஒரு நல்ல விஷயம் பேசணும், ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பீங்களா' என்று மட்டும் கேள், மற்றதை உன்னைச் சேர்த்த அப்லைன் வந்து பார்த்துக்கொள்வார் என்கிறாய். இப்படி எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

2021 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட நேரடி விற்பனை விதிகளை நீ படித்திருப்பாய். பேச்சைத் தொடங்கும்போதே தான் யார், எந்தக் கம்பெனி, என்ன பொருள், எதற்காக வந்திருக்கிறோம் என்பதை உண்மையாகச் சொல்லிவிட வேண்டும். அடையாள அட்டை இல்லாமலும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளாமலும் ஒருவர் வீட்டுப் படி ஏறக் கூடாது. நீ எழுதிக்கொடுத்த பேச்சு இதற்கு நேர் எதிர். நாளைக்கு யாராவது புகார் கொடுத்தால் முதலில் மாட்டுவது அதை அப்படியே ஒப்பித்த புதுப் பெண்தான். கம்பெனி ஒப்புதல் தராத எந்தத் தாளையும் சேர வருகிறவரிடம் கொடுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. உன் கையேடு அப்படி ஒருவர் கைக்குப் போகுமானால் முதலில் கம்பெனிக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிக்கொள்.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். அந்த நூறு பேர் யார்? மாமியார் வீட்டார், பங்காளிகள், பையனோடு படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள், கூட வேலை பார்த்தவர்கள். நல்லது கெட்டதுக்குப் போய் வந்து வருஷக்கணக்கில் வளர்த்த உறவு. விற்கப்போகிற சோப்புத்தூளைத் தன் வீட்டில் இன்னும் ஒரு தடவைகூடப் போட்டுத் துவைத்துப் பார்க்காத பெண்ணை, முதல் வாரத்திலேயே அத்தனை பேரிடமும் மூடி மறைத்துப் பேச வைக்கிறாய். மூன்று மாதத்தில் அவள் இந்தத் தொழிலை விட்டுவிடலாம். அந்த அத்தையையும் கொழுந்தியாளையும் காதுகுத்திலும் சீரிலும் அவள் வாழ்நாள் முழுக்கப் பார்த்தாக வேண்டும். போன் எடுக்கவே தயங்குகிற சொந்தக்காரர்களோடு அவளை விட்டுவிட்டு நீ அடுத்த ஐடிக்குப் போய்விடுவாய்.

நூறு வேண்டாம், பத்துப் பேர் போதும். பத்து என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 1979இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், ஆம்வே என்ற நேரடி விற்பனைக் கம்பெனியின் வழக்கில், அந்தக் கம்பெனி நடத்துவது பிரமிடு திட்டம் இல்லை என்று முடிவு சொன்னது. அந்த முடிவுக்குத் துணையாக நின்றவை மூன்று விதிகள். விநியோகஸ்தர் மாதாமாதம் 10 வெவ்வேறு வாடிக்கையாளருக்கு விற்றிருக்க வேண்டும். வாங்கிய சரக்கில் 70 சதவீதமாவது கைமாறியிருக்க வேண்டும். விலகுகிறவரிடம் மிஞ்சிய சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். நம் தொழில் தலை நிமிர்ந்து நிற்க முடிகிறதென்றால் அது இந்த மூன்றினால்தான். இதை நான் எல்லா மீட்டிங்கிலும் சொல்கிறேன், சாகும்வரை சொல்வேன். சொந்தக்காரர் அல்லாத, பொருளுக்காகவே திரும்ப வாங்குகிற பத்து வீடு ஒரு பெண்ணுக்கு அமைந்துவிட்டால் அவள் நிலைத்துவிடுவாள். அதுவரை அவள் ஆளைச் சேர்க்கவே வேண்டாம்.

அந்தப் பத்து வீட்டுக்கும் அவளைத் தனியே அனுப்பக் கூடாது. உன் கையேட்டில் வீடியோ லிங்க் இருக்கிறது, சூம் மீட்டிங் நேரம் இருக்கிறது, குரூப்பில் என்ன போட வேண்டும் என்று இருக்கிறது. 'நான் கூட வருகிறேன்' என்று ஒரு வரி தேடினேன், கிடைக்கவில்லை.

என்னை இந்தத் தொழிலில் இறக்கிய அக்கா பவானிக்காரர். ஜமுக்காளத் தறிக் குடும்பம். அவர் அப்பா ஜமுக்காளக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக நடந்து விற்றவர். சித்தோடு, அந்தியூர், ஆப்பக்கூடல் என்று டவுன் பஸ்ஸில் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போவார். முதல் சில வீடுகளில் அவர் பேசுவார், நான் பையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பையை என் பக்கம் நகர்த்திவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து நான் பேச வேண்டும், அவர் வாயே திறக்க மாட்டார். எனக்கு வார்த்தை வராமல் நின்றாலும் குறுக்கே வர மாட்டார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் சொல்வார்: "அந்தம்மா போர் தண்ணியில துவைக்கறோம்னு சொன்னாங்கல்லோ, நீ அதைப் பிடிக்கவே இல்லியே. உப்புத் தண்ணியில நுரை எப்படி வருதுன்னுதானே அவங்களுக்குக் கவலை. அடுத்த வீட்ல தண்ணி எங்கிருந்து வருதுன்னு முதல்ல கேளு."

அடுத்த வீட்டில் கேட்டேன். ஆற்றுத் தண்ணீர் வருகிற வீட்டுக்கும் போர் தண்ணீர் வீட்டுக்கும் சோப்புத்தூளில் ஒரே அளவு சொல்லக் கூடாது என்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. எந்த வீடியோவில் இது வரும்? வாடிக்கையாளர் சொன்ன எந்தச் சொல்லைப் பிடிக்க வேண்டும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்தான் சொல்ல முடியும். அக்காவுக்கு அப்போது என்னைப்போல் இன்னும் பலர் கீழே இருந்தார்கள். எல்லோரோடும் அப்படித்தான் போனார். தன் வாடிக்கையாளர்களையும் விடவில்லை. அப்படிப்பட்ட உழைப்பாளியை நான் பிறகு பார்க்கவில்லை.

கையேட்டின் அட்டையில் பிரௌனி வைஸ் படம் போட்டிருக்கிறாய், சந்தோஷம். டப்பர்வேர் பிளாஸ்டிக் டப்பாக்களைக் கடைகளிலிருந்து எடுத்து வீட்டு விருந்துகளுக்குக் கொண்டுபோன பெண்மணி, 1954இல் பிஸினஸ் வீக் இதழின் அட்டையில் வந்த முதல் பெண். அவர் படத்துக்குக் கீழே கனவு காணச் சொல்லி எழுதியிருக்கிறாய். நீ எழுதியிருக்க வேண்டியது வேறு. டப்பாவில் தண்ணீரை நிரப்பி, மூடியை அழுத்தி, அறைக்குக் குறுக்கே தூக்கி எறிந்து, ஒரு சொட்டும் சிந்தவில்லை என்று அவர் காட்டுவார். விருந்துக்கு வந்து அதைப் பார்த்தவள் அடுத்து தன் வீட்டில் விருந்து வைத்தாள். அதற்கும் பிறகுதான் தானே விற்கக் கிளம்பினாள். இறங்குவதற்கு முன்பே தொழில் நடப்பதைக் கண்ணால் பார்த்துப் பழகியிருந்தாள். நாமோ முதலில் ஐடி போட்டுவிட்டுப் பிறகு லிங்க் அனுப்புகிறோம்.

அடுத்தது கணக்கு நோட்டு. இதில் நான் பிடிவாதக்காரி என்று எல்லோருக்கும் தெரியும். புதிதாக வருகிறவளுக்கு நீ கொடுக்க வேண்டிய முதல் பொருள் ஒரு நாற்பது பக்க நோட்டு. இடப்பக்கம் கைக்கு வந்தது, வலப்பக்கம் கையிலிருந்து போனது. பஸ் டிக்கெட், போன் ரீசார்ஜ், சாம்பிள் கொடுத்தது, மீட்டிங் ஹால் பங்கு, தன் வீட்டுக்கு எடுத்த பொருள், கடன் சொன்னவர் பெயர், எல்லாம் எழுத வேண்டும். பவானி அக்கா மாசக் கடைசியில் என் நோட்டை வாங்கிக் கூட்டிப் பார்ப்பார். வலப்பக்கம் கனத்திருந்தால், "இந்த மாசம் நீ ஒண்ணும் எடுக்காதே" என்பார். நான் எடுக்காவிட்டால் அவருடைய பி.வி.யும் குறையும், லெவலும் இறங்கும். தெரிந்தேதான் சொன்னார்.

மற்ற இடங்களில் நடப்பது உனக்கே தெரியும். லெவல் விட்டுப்போகும், இன்னும் கொஞ்சம்தான், எடுத்துவை, அடுத்த மாசம் விற்றுக்கொள்ளலாம் என்று மேலே இருந்த ஒருவர் சொன்னதை நம்பி, எங்கள் வீதியில் ஒரு பெண் தோட்டை அடகு வைத்துச் சரக்கு எடுத்தாள். புரோட்டீன் டப்பாக்கள் அவள் பீரோ மேலேயே காலாவதியாயின. அவள் கையில் ஒரு நோட்டு இருந்திருந்தால், அதை மாதம் ஒருமுறை யாராவது பிரித்துப் பார்த்திருந்தால், அந்தத் தோடு போயிருக்காது. இது அவள் ஒருத்தியின் கதை இல்லை. ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024இல் 70 நெட்வொர்க் மார்க்கெட்டிங் நிறுவனங்கள் வெளியிட்ட வருமான விவரங்களை எடுத்து ஆராய்ந்தது. சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வருஷத்துக்கு 1,000 டாலரோ அதற்கும் குறைவாகவோதான் பெற்றார்கள். அதிலும் அவர்களுடைய செலவைப் பெரும்பாலான கம்பெனிகள் கழித்துக் காட்டவே இல்லை. வரவை மட்டும் சொல்கிற பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. உன் டீமில் அது இருக்கக் கூடாது. முப்பது நாள் கையேட்டில் செலவு என்ற சொல்லே வரவில்லை, பார்த்துக்கொள்.

ஏழாம் பக்கத்தில் ஒரு பவுடர் குடித்து யாருக்கோ சர்க்கரை நோய் போய்விட்டது என்று இருக்கிறது. அதை இன்றைக்கே எடுத்துவிடு. 1954ஆம் வருஷத்து மருந்து, மந்திர மருந்து விளம்பரச் சட்டத்தில் சர்க்கரை நோயின் பெயர் சொல்லியே இப்படிப்பட்ட விளம்பரத்தைத் தடுத்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் யார் பொறுப்பு? இதற்குமேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

பதினோராம் பக்கத்துக்கு வருகிறேன். முதல் விற்பனை முடிந்த மூன்றாவது வாரம் வாடிக்கையாளருக்குப் போன் செய், எதையும் விற்காதே, பொருள் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று மட்டும் கேள் என்று எழுதியிருக்கிறாய். வாங்க மறுத்த தோழி வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாய்ப் போ, அங்கே தொழில் பேச்சு எடுக்காதே என்றும் எழுதியிருக்கிறாய். அம்மிணி, இந்தத் தொழிலைப் பற்றித் தமிழில் நான் படித்ததில் இதைவிட நல்ல பக்கம் இல்லை. மேடையில் கோட்டுப் போட்டுக்கொண்டு பேசுகிற யாருக்கும் இது தோன்றியதில்லை. பவானி அக்கா படித்திருந்தால் உன்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டிருப்பார். மிச்சம் எவ்வளவு என்று கேட்கும்போது அந்த வீட்டுக்கு அளவு சரியாகச் சொன்னோமா என்பது தெரிந்துவிடுகிறது. விற்பவள் தன்னை மறக்கவில்லை என்பது வாங்கியவளுக்கும் தெரிகிறது. இது உனக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை, உன் சுபாவத்திலேயே இருக்கிறது. இந்தப் பக்கத்தை எழுதிய கை ஐந்தாம் பக்கத்தை எழுதியதுதான் என் ஆற்றாமை.

இனி ஒன்பதாம் பக்கம். 'நெகட்டிவாகப் பேசுகிறவர்களைத் தள்ளி வை, அது கணவராக இருந்தாலும் சரி, முதல் முப்பது நாள் அவரிடம் எதையும் சொல்லாதே.' எங்கேயோ கேட்டதை எடுத்துப் போட்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். நம் பக்கத்து ஆட்கள் சந்தேகப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 2012இல் பெருந்துறையில் ஈமு கோழிப் பண்ணை முதலீட்டுத் திட்டங்கள் சரிந்தபோது கொங்கு நாட்டில் எத்தனை வீட்டுச் சேமிப்பு போனது என்பது நீ பார்த்து வளர்ந்த கதை. அதற்குப் பிறகு யார் ஒரு திட்டத்தைச் சொன்னாலும், காசு எங்கிருந்துங்க வருது என்றுதான் நம் ஆட்கள் முதலில் கேட்கிறார்கள். சரியான கேள்வி. பொருள் விற்று வருகிறதா, அடுத்து வருகிறவர் கட்டுகிற பணத்திலிருந்து வருகிறதா என்பதுதானே இந்தத் தொழிலில் நல்லதையும் கெட்டதையும் பிரிக்கிறது? 1978ஆம் வருஷத்துப் பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டமும் அதைத்தான் பார்க்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்ட புருஷனை நெகட்டிவ் என்று பெயர் வைத்து மனைவியிடமிருந்து பிரித்து வைப்பதா? வீட்டுக்குள்ளேயே மறைத்துச் செய்கிற தொழிலை அவள் எத்தனை நாள் நிம்மதியாகச் செய்வாள்? பஸ்ஸுக்குக் காசு எடுக்கும்போதும் பொய், பொருள் வந்து இறங்கும்போதும் பொய். விட்டுவிட வேண்டும் என்று தோன்றினால் அதையும் யாரிடமும் சொல்ல முடியாது. சந்தேகப்படுகிற ஆளைத்தான் நீ முதலில் உட்கார வைத்துப் பேச வேண்டும். சேர எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது, இந்தக் காலத்துக்குள் விலகினால் தண்டம் கிடையாது, விற்காத சரக்கை இப்படித் திருப்பலாம் என்பதையெல்லாம் அவரிடம் தாளை வைத்துக் காட்ட வேண்டும். விலகுவது எப்படி என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்த பெண்கள் என் டீமில் வருஷக்கணக்கில் இருக்கிறார்கள். விலகிப்போனவர்களில் பலர் இன்றைக்கும் என் வாடிக்கையாளர்கள்.

கவுந்தப்பாடியில் போன வாரம் ஒரு பெண்ணுக்கு ஐடி போட்டிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். வீட்டுக்காரர் நாட்டுச்சர்க்கரை வியாபாரமாம், அவருக்கு இதில் இஷ்டம் இல்லையாம். அவர் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போ. ஒப்பந்தத்தின் நகலையும் ஒரு புது நோட்டையும் எடுத்துக்கொண்டு போ. வியாபாரி என்பதால் வரவு செலவுப் பக்கங்களை அவரையே கோடு போடச் சொல். அவர் கேட்பதற்கு உன்னிடம் பதில் இல்லையென்றால் அங்கிருந்தே எனக்குப் போன் போடு, மத்தியானம் மூன்று மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். முதல் பத்து வீட்டுக்கு அவளோடு போக உனக்கு நேரம் இல்லாவிட்டால் சொல், கவுந்தப்பாடிக்கு நான் போய்க்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஈரோட்டு அக்கா