வடமேற்கின் மணி கிழக்கு வாசலில்

கேள்வி: காந்திபுரத்தில் அடுக்குமாடி வீடுங்க. வாசல் கிழக்குப் பார்த்தது, பால்கனி மேற்கே. பணவரவு கூடும் என்று கடையில் சொன்னதை நம்பி, ஆறு குழாய் வைத்த பித்தளை விண்ட் சைம் வாங்கி வாசலில் மாட்டினோம். அங்கே அது அசைவதே இல்லை. பால்கனிக்கு மாற்றினால், ஆடி மாதம் முழுக்க அத்தைக்கு ராத்தூக்கம் போய்விடுகிறது. ஃபெங் சுயிப்படி எங்கே மாட்டுவது சரிங்க?
– வாசகி, காந்திபுரம், கோவை

பதில்: கிழக்கு வாசலுக்கு அது பொருந்தாது; ஃபெங் சுயியின் கணக்கே அப்படித்தான் சொல்கிறது. அந்த முறையில் கிழக்கும் தென்கிழக்கும் மரத்துக்கு உரியவை, மேற்கும் வடமேற்கும் உலோகத்துக்கு உரியவை. உலோகம் மரத்தை வெட்டும் என்பது அதன் அடிப்படை விதி. எனவே கிழக்கில் மூங்கில் தொங்கலாம், பித்தளை தொங்கக்கூடாது. ஆறு என்ற எண்ணுக்கும் காரணம் உண்டு. லோ ஷு எனப்படும் ஒன்பது கட்டச் சதுரத்தில் வடமேற்கின் எண் 6. நம் வாஸ்துவிலும் வடமேற்குதான் வாயு மூலை. ஆக, உங்கள் கையில் இருப்பது வடமேற்குக்கு உரிய பொருள். எந்த வாசல் என்று கேட்காமலே எல்லோருக்கும் அதை விற்பது அந்த சாஸ்திரத்துக்கே விரோதம்.

அப்படியானால் மேற்குப் பால்கனிதானே சரி என்று கேட்பீர்கள். திசை சரி, காற்று சரியில்லை. ஃபெங் சுயி என்ற பெயரே காற்றையும் நீரையும் சேர்த்து வைத்த பெயர். 4-ம் நூற்றாண்டின் குவோ பு எழுதியதாகச் சொல்லப்படும் 'அடக்க நூல்', உயிராற்றலான 'சி' காற்றில் ஏறினால் சிதறும், நீரைக் கண்டால் நிற்கும் என்கிறது. அதாவது, பலத்த காற்று படாத ஒதுக்கமான இடமே நல்ல இடம். கோவையின் நிலம் இதற்கு நேர்மாறானது. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கணவாயில் 30 கிலோமீட்டர் அளவுக்கு விலகி வழிவிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியே பாய்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது அதனால்தான். அந்தக் காற்றுக்கு முகம் கொடுத்த பால்கனியில் விண்ட் சைம் ஓயாமல் அலறினால், அந்த நூலின்படி அது 'சி' சிதறுகிறது என்பதற்கு அடையாளம். வடக்கிலிருந்து குளிர்காற்று வீசும் சீனத்து நிலத்தைப் பார்த்து எழுதிய விதியைக் கொங்கு நாட்டில் திசைகாட்டியை மட்டும் வைத்துக்கொண்டு பின்பற்றினால் இந்தக் குழப்பம்தான் வரும். முதலில் படிக்க வேண்டியது காற்றை.

பணம் வரும் என்ற வாக்கையும் பார்த்துவிடுவோம். சீனத்தில் கூரை மணி மிகப் பழையது. கி.பி. 516-ல் லுவோயாங் நகரில் எழுந்த யோங்னிங் கோபுரத்தின் மணியோசை வெகுதூரம் கேட்டதாக யாங் ஷுவான்ஜி எழுதியிருக்கிறார். அது பௌத்தக் கோயில். வீட்டு வருமானத்துக்கும் அந்த மணிக்கும் தொடர்பில்லை. வீட்டுக் குறைக்குப் பரிகாரமாக விண்ட் சைம் உலகெங்கும் பரவியதற்கு, 1980-களில் அமெரிக்காவில் லின் யுன் வளர்த்த ஃபெங் சுயிப் பிரிவு ஒரு முக்கியக் காரணம். மாட்டிய பிறகு தொழில் நன்றாயிற்று என்று சொல்பவர்கள் உண்டுதான். மாட்டியும் ஒன்றும் நடக்காதவர்கள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். பலன் உண்டு என்று எந்தச் சோதனையும் நிறுவியதில்லை. இனிய ஓசை மனதுக்குத் தரும் இதம் மட்டும் மெய். அந்த இதத்துக்காகவே ஒன்றை மாட்டலாம், அதில் தவறில்லை.

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு இரைச்சலை விடவா இந்தச் சின்னக் குழாய் சத்தம் போடுகிறது என்று வீட்டில் யாராவது வாதிடக்கூடும். சீரான இரைச்சல் காதுக்குப் பழகிவிடும். எப்போது வரும் என்று தெரியாமல் திடீரென எழும் உலோக ஓசைதான் உறக்கத்தைக் கலைக்கும். படுக்கையறைக்குள் அப்படி எழும் ஓசை 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 1999-ம் ஆண்டு வழிகாட்டுதல். நம் நாட்டின் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளும் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை அதே 45 டெசிபலைத்தான் வரம்பாக வைத்துள்ளன. சுவர் ஒட்டிய அண்டை வீட்டாரின் தூக்கமும் இதில் அடங்கும். பெரியவரின் உறக்கத்தைக் கெடுக்கும் பொருள் எந்த மூலையில் தொங்கினாலும் மங்கலப் பொருள் ஆகாது.

ஆகவே பித்தளையை வீட்டுக்குள், வடமேற்கு ஜன்னலுக்குச் சற்று உள்ளே தள்ளி, அத்தை படுக்கும் அறைக்குத் தொலைவில் மாட்டுங்கள். வைகாசிக் கடைசியில் நடு வட்டிலிருந்து தொங்கும் காற்றுத் தகட்டைக் கழற்றி வைத்தால் காற்று அதைப் பிடித்து இழுக்காது. ஐப்பசியில் மறுபடி கோத்துக்கொள்ளலாம். வாசலில் ஏதாவது வேண்டும் என்றால் மூங்கில். ஓசை மங்கலாக இருந்தால் கயிறு கட்டிய இடத்தைப் பாருங்கள். குழாயின் நீளத்தில் முனையிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான தூரத்தில், அதாவது 50 சென்டிமீட்டர் குழாய்க்குச் சுமார் 11 சென்டிமீட்டரில், அதிர்வே இராது. அங்கே துளையிட்டுக் கட்டிய குழாய்தான் நெடுநேரம் ரீங்கரிக்கும். நுனியில் கட்டியது சட்டென்று அடங்கிவிடும். அடுத்த முறை கடையில் எண்ணிக்கையோடு இதையும் பார்த்து வாங்குங்கள்.